செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1703-இல் முதலாம் பீட்டர் நெவா ஆற்றின் சதுப்பு நிலத்தில் எழுப்பத் தொடங்கிய நகரம் இது. 1712 முதல் 1918 வரை, இடையில் சில ஆண்டுகள் தவிர, ரஷ்யாவின் தலைநகராக இருந்தது. 1914-இல் பெட்ரோகிராத், 1924-இல் லெனின்கிராத், 1991-இல் மறுபடியும் பழைய பெயர். அரண்மனைகளும் அருங்காட்சியகங்களும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த நகரங்கள் குறைவு. ஆனால் வாரவிடுமுறைகள், இரவில் திறக்கும் பாலங்கள், செல்லாத வங்கி அட்டைகள் ஆகிய மூன்றையும் கணக்கில் எடுக்காமல் போனால் பாதி நாள் வாசலில் நின்றே கழியும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அவற்றைச் சுற்றியே வருகின்றன.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

வந்து இறங்கும் நாளையும் கிளம்பும் நாளையும் சேர்க்காமல் முழுதாக ஐந்து நாள். நகர மையத்துக்கு மூன்று, பீட்டர்ஹாஃபுக்கு ஒன்று, ஜார்ஸ்கோயே செலோவுக்கு ஒன்று. நான்கு நாள்தான் கிடைக்கும் என்றால் இரண்டு புறநகர் அரண்மனைகளில் ஒன்றை விட்டுவிடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் காட்டுவதாகச் சொல்லும் சுற்றுலாத் திட்டங்கள் உண்டு. அவற்றில் பேருந்தில் உட்காரும் நேரம்தான் அதிகம், பூங்காக்களை எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

எந்த மாதம் நல்லது?

மே கடைசி வாரம் முதல் ஜூலை நடுப்பகுதி வரை வெண்ணிரவுக் காலம். ஜூன் 21-ஐ ஒட்டிய நாட்களில் பகல் 18 மணி 50 நிமிடம் நீள்கிறது. மீதி நேரமும் முழு இருட்டு கிடையாது. அழகு இப்போதுதான் உச்சம், கூட்டமும் ஹோட்டல் வாடகையும் அப்படியே. ஜூன் தொடக்கத்தில் சர்வதேசப் பொருளாதார மாநாடு நடக்கும் வாரத்தில் அறை கிடைப்பதே கடினம். ஜூன் பிற்பகுதியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்காக நடக்கும் 'செம்பாய்மரங்கள்' விழா இரவில் நெவா கரைகளில் நகரவே முடியாது.

எங்கள் தேர்வு மே கடைசி வாரம், அல்லது ஆகஸ்ட் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. பீட்டர்ஹாஃப் நீரூற்றுகள் ஓடும், வெயிலும் குளிரும் தாங்கக்கூடியவை, வரிசைகளும் குறைவு. டிசம்பர் பிற்பகுதியில் பகல் 6 மணி நேரத்துக்கும் குறைவு. அரண்மனையின் உள்ளே பார்ப்பதும் பாலே பார்ப்பதும்தான் நோக்கம் என்றால் குளிர்காலமும் நல்ல காலம்தான். பூங்காக்களுக்காகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டும்.

விசா எப்படி எடுப்பது?

இந்திய, மலேசிய, சிங்கப்பூர் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு மின்விசா உண்டு. ரஷ்ய வெளியுறவு அமைச்சகத்தின் தூதரகத் துறை நடத்தும் இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் இயங்கும் இடைத்தரகர் தளங்கள் இரண்டு மூன்று மடங்கு கட்டணம் கேட்கின்றன. அமைச்சகத்தின் கட்டணம் சுமார் 50 டாலர், முடிவு வர நான்கு நாள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். ரஷ்யாவில் செல்லுபடியாகும் மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

2025 ஆகஸ்ட் முதல் இந்த விசா 120 நாள் செல்லும், அதற்குள் ஒரு முறை நுழைந்து 30 நாள் வரை தங்கலாம். நுழையும் நாள் நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்தாலும் அது ஒரு நாள் என்றே எண்ணப்படும். இன்னொன்றையும் கவனியுங்கள்: மின்விசாவில் எல்லா எல்லைகளையும் கடக்க முடியாது, அறிவிக்கப்பட்ட நுழைவிடங்கள் வழியாகவே வரவும் போகவும் வேண்டும். பீட்டர்ஸ்பர்க்கின் புல்கோவோ விமான நிலையமும் மாஸ்கோ விமான நிலையங்களும் பட்டியலில் உண்டு. பல முறை போய்வர வேண்டியவர்கள் சென்னையில் உள்ள ரஷ்யத் துணைத் தூதரகம் வழியாக வழக்கமான விசா எடுக்கலாம்.

கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்து மட்டும்தான். என்ன எழுதுவது?

தமிழர் விண்ணப்பங்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். கடவுச்சீட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் அம்புக்குறிகளுடன் இரண்டு வரிகள் இருக்கும். பெயர் அங்கே எந்த வரிசையில், எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அதையே விண்ணப்பத்தில் எழுதுங்கள். அப்பா பெயரை விரித்து எழுதுவது, தலைப்பெழுத்தை முன்னால் போடுவது, விமானச் சீட்டில் ஒரு மாதிரியும் விசாவில் ஒரு மாதிரியும் விடுவது எதுவும் வேண்டாம். பெயரிலோ கடவுச்சீட்டு எண்ணிலோ ஓர் எழுத்து தவறினாலும் அந்த மின்விசாவைத் திருத்த வழியில்லை. புதிதாகக் கட்டணம் கட்டி மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். விமான நிறுவனமே ஏற்றாமல் விடுவதும் உண்டு. அச்செடுத்த படி ஒன்று கையில் இருக்கட்டும்.

என் வங்கி அட்டை அங்கே வேலை செய்யுமா?

செய்யாது. 2022 மார்ச் முதல், ரஷ்யாவுக்கு வெளியே கொடுக்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே கடையிலும் ஏடிஎம்மிலும் ஓடுவதில்லை. யூனியன்பே சில இடங்களில் எடுக்கும், சில இடங்களில் எடுக்காது. அதை நம்பிப் போகக் கூடாது.

முழுச் செலவையும் டாலராகவோ யூரோவாகவோ ரொக்கமாகக் கொண்டுபோக வேண்டும். இந்தியாவிலிருந்து வெளிநாடு போகிறவர் பொதுவாக 3,000 டாலர் வரைதான் நோட்டாக வாங்கலாம். ரஷ்யாவுக்குப் போகிறவர்களுக்கு ரிசர்வ் வங்கி இதில் விலக்கு தந்திருக்கிறது. அந்நியச் செலாவணி முழுவதையுமே நோட்டாகப் பெறலாம். கவுன்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல் மறுத்தால் விதியை எடுத்துச் சொல்லுங்கள்.

புதிய, மடிப்பில்லாத நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். பேனாக் கோடு, முத்திரை, சிறு கிழிசல் இருந்தால் அங்குள்ள வங்கிகள் திருப்பிக் கொடுத்துவிடும் அல்லது குறைந்த விலை தரும். ரூபாய் நோட்டை மாற்ற முடியும் என்று எண்ண வேண்டாம். விமான நிலையத்தில் முதல் நாள் செலவுக்கு மட்டும் மாற்றிவிட்டு, மீதியை நகரத்து வங்கிக் கிளையில் கடவுச்சீட்டைக் காட்டி மாற்றுங்கள். 10,000 டாலருக்கு மேல் கொண்டு போனால் சுங்கத்தில் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

ஹோட்டல் வாடகையை முன்கூட்டிக் கட்ட முடியாது என்பதால், வந்து ரொக்கமாகத் தருவதை ஹோட்டல் ஏற்கிறதா என்று எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து எப்படிப் போவது?

நேரடி விமானம் இல்லை. துபாய் போன்ற வளைகுடா நகரங்கள் வழியாகப் புல்கோவோ போவது எளிது. இன்னொரு வழி, தில்லியிலிருந்து மாஸ்கோவுக்கு நேராகப் பறந்து அங்கிருந்து ரயில். சப்சான் விரைவு ரயில் சுமார் 650 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் கடக்கிறது. இரவு 11.55-க்குக் கிளம்பி காலை 8 மணி வாக்கில் சேரும் 'சிவப்பு அம்பு' ரயிலில் ஒரு இரவு ஹோட்டல் வாடகை மிச்சம். ரஷ்ய ரயில்வேயின் தளம் வெளிநாட்டு அட்டையை எடுக்காததால் முகவர் வழியாகவோ நிலையக் கவுன்டரில் கடவுச்சீட்டுடன் ரொக்கமாகவோ வாங்க வேண்டும்.

பழைய பயண நூல்களில் ஹெல்சிங்கியிலிருந்து ரயிலில் வரும் வழியைப் புகழ்ந்து எழுதியிருப்பார்கள். அந்த ரயில் 2022 மார்ச்சில் நின்றது. 2023 கடைசியில் பின்லாந்து தன் கிழக்குத் தரை எல்லையையும் மூடிவிட்டது.

எந்தப் பகுதியில் தங்கலாம்?

நெவாவின் தென்கரையில், நெவ்ஸ்கி சாலையை ஒட்டி. கோஸ்தினி த்வோர், மயகோவ்ஸ்கயா மெட்ரோ நிலையங்களுக்கு நடந்து போகும் தூரம் என்றால் மிக வசதி. ஆற்றின் மறுபுறத்தில் உள்ள வசீலியெவ்ஸ்கி தீவும் பெத்ரோகிராத் பக்கம் என்ற பகுதியும் அழகானவை, வாடகையும் குறைவு. ஆனால் கோடை இரவில் பாலம் திறந்துவிட்டால் அறைக்குத் திரும்ப முடியாது.

மையத்தில் உள்ள சிறு ஹோட்டல்கள் பல, 19-ஆம் நூற்றாண்டுக் குடியிருப்புகளின் நான்காம் ஐந்தாம் மாடியில் இருக்கின்றன. லிஃப்ட் உண்டா என்று முன்பே கேளுங்கள். வயதானவர்கள் கூட வந்தால் இதுதான் முதல் கேள்வி. ஜூன் மாதம் என்றால் அறையில் கனமான திரை இருக்கிறதா என்றும் கேளுங்கள், இல்லையேல் கண்பட்டை எடுத்துப் போங்கள்.

வெளிநாட்டவர் தங்குவதைக் குடியேற்றத் துறையில் பதிவு செய்வது ஹோட்டலின் வேலை. தனியார் வீட்டில் தங்கினால் வீட்டுக்காரர் பதிவு செய்ய வேண்டும். பலர் செய்ய விரும்புவதில்லை. ஒரு வாரத்துக்கு மேல் தங்குகிறவர்கள் ஹோட்டலையே தேர்ந்தெடுப்பது நல்லது.

பாலங்கள் திறப்பதில் அப்படி என்ன சிக்கல்?

ஏப்ரல் முதல் நவம்பர் வரை, சரக்குக் கப்பல்கள் போவதற்காக நெவாவின் பாலங்கள் இரவு 1 மணி வாக்கில் தூக்கப்பட்டு 5 மணி வாக்கில் மூடப்படும். ஒவ்வொரு பாலத்துக்கும் நேரம் வேறு. சில பாலங்கள் நடுவில் சிறிது நேரம் மூடித் திறக்கும். மெட்ரோவோ நள்ளிரவுக்குப் பின் நின்றுவிடும். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால் நகரின் தென்கிழக்கில் உள்ள, திறக்காத பெரிய ஒபுகோவ்ஸ்கி பாலத்தையோ மேற்கு விரைவுச் சாலையையோ சுற்றி டாக்சியில் வர வேண்டும். தூரமும் காசும் பல மடங்கு.

அரண்மனைப் பாலம் திறப்பதைப் பார்க்கத் தென்கரையில் நின்றால் போதும். இரண்டு இறக்கைகளுக்கு நடுவே எதிர்க்கரையில் பீட்டர்–பால் கோட்டையின் 122.5 மீட்டர் கோபுரம் தெரியும். படகில் போகிறவர்கள், ஏறும் துறையும் இறங்கும் துறையும் ஹோட்டல் இருக்கும் கரையிலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஜூன் மாதமானாலும் ஆற்றின் நடுவே காற்று குளிரும், தடித்த மேலுடை வேண்டும்.

எந்த நாளில் எதைப் பார்ப்பது?

திட்டத்தின் உயிர்நாடி இதுதான். எல்லாம் ஒரே நாளில் மூடுவதில்லை. ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை, பீட்டர்ஹாஃப் பெரிய அரண்மனைக்கும் திங்கள். ரஷ்ய அருங்காட்சியகத்துக்கும் ஜார்ஸ்கோயே செலோவின் கேத்தரின் அரண்மனைக்கும் செவ்வாய். புனித ஐசக் பேராலயத்துக்கும் 'சிந்திய ரத்தத்தின் மீட்பர்' கோயிலுக்கும் புதன். இவை போக, பராமரிப்புக்காக மாதக் கடைசியில் ஒரு நாள் கூடுதலாக மூடும் இடங்களும் உண்டு. கேத்தரின் அரண்மனைக்கு அது கடைசித் திங்கள்.

திங்கள் முதல் வெள்ளி வரை இருக்கிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் வரிசை: திங்களன்று ரஷ்ய அருங்காட்சியகமும் மீட்பர் கோயிலும், இரண்டும் கால்வாய்க்கரையில் பக்கத்துப் பக்கத்தில். செவ்வாயன்று பீட்டர்ஹாஃப். புதனன்று ஹெர்மிடேஜ். முந்தைய நாள் மூடியிருந்ததால் செவ்வாயில் சேரும் நெரிசல் அன்று இருக்காது, மாலை நேரமும் நீளும். வியாழனன்று ஜார்ஸ்கோயே செலோ. வெள்ளியன்று பீட்டர்–பால் கோட்டை, குன்ஸ்த்கமேரா அருங்காட்சியகம், ஐசக் பேராலயம். மழை பெய்தால் பீட்டர்ஹாஃபையும் ஒரு நகர நாளையும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். அருங்காட்சியகம் மழைக்கு ஒதுங்க நல்ல இடம், நீரூற்றுப் பூங்கா அப்படியல்ல.

ஹெர்மிடேஜை ஒரே நாளில் பார்க்க முடியுமா?

முழுதாக முடியாது. 1764-இல் இரண்டாம் கேத்தரின் தொடங்கிய சேகரிப்பு இன்று 30 லட்சம் பொருட்களைத் தாண்டிவிட்டது. ஆனால் தேர்ந்தெடுத்துப் பார்க்க ஒரு நாள் போதும், இரண்டு அரை நாட்களாகப் பிரித்தால் இன்னும் நல்லது.

ஹெர்மிடேஜின் முதன்மைக் கட்டடமான, ரஸ்த்ரெல்லி கட்டிய குளிர்கால அரண்மனையில் ஜோர்டான் படிக்கட்டில் ஏறி, அரசவை மண்டபங்கள் வழியாக 1812 போர்க் காட்சிக்கூடம் வந்து சேருங்கள். நெப்போலியனை எதிர்த்த தளபதிகளின் 332 உருவப்படங்கள் அங்கே சுவரை நிறைக்கின்றன. அடுத்து மயில் கடிகாரம், லியொனார்டோவின் இரண்டு மடோனா ஓவியங்கள், ரஃபேல் கூடம், கடைசியாக ரெம்பிராண்ட். 'ஊதாரி மகன் திரும்புதல்' படத்தின் முன் பத்து நிமிடமாவது நில்லுங்கள். பெரிய படம். தந்தையின் இரண்டு கைகளும் ஒன்றுபோல் இல்லை என்பது கூட்டம் விலகிய பிறகுதான் கண்ணில் படும்.

பலர் தவறவிடும் ஒன்று உண்டு. மத்தீஸின் 'நடனம்', வான்கோ, கோகன், மோனே எல்லாம் இந்தக் கட்டடத்தில் இல்லை. அரண்மனைச் சதுக்கத்துக்கு எதிரே வளைந்து நிற்கும் தலைமைத் தளபதியகக் கட்டடத்தின் நான்காம் மாடியில் இருக்கின்றன. எந்த டிக்கெட்டில் எந்தக் கட்டடம் அடங்கும் என்று வாங்கும்போதே பாருங்கள்.

டிக்கெட்டில் நுழையும் நேரம் குறித்திருக்கும். இணையத்தில் வெளிநாட்டு அட்டை எடுக்காவிட்டால், திறப்பதற்கு அரை மணி முன்பே போய்க் கவுன்டரில் ரொக்கமாக வாங்கலாம், அல்லது ஹோட்டல் வரவேற்பில் இருப்பவரிடம் பணம் கொடுத்து வாங்கச் சொல்லலாம். மாதத்தின் மூன்றாம் வியாழன் இலவசம். அன்றைய கூட்டத்தில் படம் பார்ப்பது கடினம். மேலங்கி, குடை, பெரிய பை எல்லாவற்றையும் பொருள் காப்பறையில் விட வேண்டும்.

பீட்டர்ஹாஃப் போக எந்த வழி சிறந்தது?

போகும்போது அரண்மனைக் கரையிலிருந்து 'மீட்டியோர்' விரைவுப் படகு. சுமார் 45 நிமிடத்தில் பூங்காவின் வாசலிலேயே இறக்கும். திரும்பும்போது படகு வேண்டாம். மாலையில் வரிசை மிக நீளம், பின்லாந்து வளைகுடாவில் காற்று எழுந்தால் படகையே நிறுத்திவிடுவார்கள். சாலைக்கு ஏறி வந்தால் அவ்தோவோ மெட்ரோவுக்குச் சிற்றுந்துகள் கிடைக்கும். அவ்தோவோ கண்ணாடித் தூண்கள் கொண்ட அழகான நிலையம், அதையும் பார்த்தாயிற்று.

நீரூற்றுகள் ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை, பகலில் மட்டும் ஓடும். இவற்றுக்கு மோட்டார் கிடையாது. ரோப்ஷா மேட்டிலிருந்து 1720–21-இல் வெட்டிய கால்வாய் வழியாகச் சுமார் 20 கிலோமீட்டர் தாண்டி வரும் தண்ணீர், இறக்கத்தின் விசையிலேயே பீறிடுகிறது. சிங்கத்தின் வாயைப் பிளக்கும் சாம்சன் சிலையிலிருந்து எழும் தாரை 20 மீட்டர் உயரம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கொண்டுபோன மூலச் சிலை திரும்பவில்லை, இப்போது இருப்பது 1947-இல் வார்த்தது. கீழ்ப் பூங்கா டிக்கெட்டில் ஒரு முறைதான் நுழையலாம். சாப்பிட வெளியே வந்தால் மறுபடி வாங்க வேண்டும்.

அம்பர் அறைக்கு நீண்ட வரிசை என்கிறார்களே?

சுவர்களை அம்பர் பலகைகளால் மூடிய இந்த அறை இருக்கும் கேத்தரின் அரண்மனையில் கோடைக் காலையை முகவர் குழுக்களுக்கு ஒதுக்கிவிட்டு, தனியாக வருகிறவர்களை நண்பகலுக்குப் பிறகு விடுவது வழக்கம். வரிசையில் இரண்டு மணி நேரம் நிற்க விருப்பமில்லை என்றால் இந்த ஒரு இடத்துக்கு மட்டும் உள்ளூர் முகவரின் குழுவோடு போவது புத்திசாலித்தனம். 1941-இல் நாஜிப் படை பெயர்த்துக்கொண்டு போன அறை இன்றுவரை கிடைக்கவில்லை. 1979-இல் தொடங்கிய மறுஉருவாக்கம் 2003-இல் திறக்கப்பட்டது. கூட்டத்தில் அறைக்குள் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அதனால் வெளியே உள்ள பூங்காவுக்கும் நேரம் வையுங்கள்.

ஜார்ஸ்கோயே செலோவுக்கு விதெப்ஸ்கி நிலையத்திலிருந்து புறநகர் ரயிலில் அரை மணி நேரம். ரஷ்யாவின் முதல் ரயில் பாதை 1837-இல் இதே தடத்தில்தான் ஓடியது.

ஐசக் பேராலயத்தின் உச்சிக்கு எல்லோரும் ஏறலாமா?

தூண்வரிசை மாடத்துக்கு இருநூறுக்கு மேற்பட்ட சுழற்படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் உள்ளே பார்த்தாலே போதும். மாடத்துக்கும் உள்ளே போவதற்கும் தனித்தனி டிக்கெட். மீட்பர் கோயில், 1881-இல் இரண்டாம் அலெக்சாண்டர் குண்டு வீச்சில் படுகாயமடைந்த இடத்திலேயே எழுந்தது. உட்சுவர் முழுக்க, 7,000 சதுர மீட்டருக்கு மேல், மொசைக். கசான் பேராலயம் இலவசம், அங்கே அன்றாட வழிபாடு நடக்கிறது. பெண்கள் தலையை மூடத் துணி எடுத்துப் போங்கள், ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும்.

லெனின்கிராத் முற்றுகையின் நினைவிடம் எங்கே இருக்கிறது?

1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை 872 நாள் நீடித்த முற்றுகையில் பட்டினியாலும் குளிராலும் குண்டுகளாலும் இறந்தவர்களில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் வடக்கே பிஸ்கர்யோவ்ஸ்கோயே கல்லறையில் கூட்டுக் குழிகளில் இருக்கிறார்கள். கல்லில் ஆண்டு மட்டும்தான், பெயர் இல்லை. ப்ளோஷ்சத் முழெஸ்த்வா மெட்ரோவிலிருந்து பேருந்து. சுற்றுலாத் திட்டங்கள் இதைச் சேர்ப்பதில்லை, நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று பொன்முலாம் பளபளக்கும் அரண்மனைகளில் பெரும்பகுதி அந்தப் போருக்குப் பின் இடிபாட்டிலிருந்து மறுபடி கட்டப்பட்டது. அது தெரிந்த பிறகு அவற்றைப் பார்க்கும் கண்ணே வேறு.

தமிழோடு தொடர்புள்ள இடம் ஏதாவது உண்டா?

உண்டு. பீட்டர் 1714-இல் தொடங்கிய குன்ஸ்த்கமேரா அருங்காட்சியகத்துக்காக அலெக்சாண்டர் மெர்வார்த்தும் லுத்மிலா மெர்வார்த்தும் 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் பயணம் செய்து பொருட்கள் சேகரித்தார்கள். பேச்சுத் தமிழுக்கு ரஷ்ய மொழியில் அலெக்சாண்டர் எழுதிய இலக்கணம் 1929-இல் லெனின்கிராதில் வெளிவந்தது. கூட்டம் முழுக்க பீட்டரின் உடற்கூற்றுச் சேகரிப்பை நோக்கி ஓடும், இந்தியக் கூடத்தில் நிதானமாகப் பார்க்கலாம். திங்கள் விடுமுறை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

சமாளிக்கலாம். 'ஸ்தலோவயா' எனப்படும் தட்டேந்தி உணவகங்களில் பார்த்து எடுக்கலாம்: கிரேச்சா என்ற பக்வீட் சோறு, உருளைக்கிழங்கு, பீட்ரூட் சாலட், பாலாடைக்கட்டி அடை. பிளினி என்ற மெல்லிய தோசைகள் காளான், பாலாடைக்கட்டி, ஜாம் வைத்துக் கிடைக்கும். மாவில் முட்டை உண்டு. போர்ஷ் சூப்பில் இறைச்சித் துண்டு தெரியாவிட்டாலும் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில்தான் கொதித்திருக்கும். 'பெஸ் மியாசா' என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். மீனும் கோழியும் கூடாது என்று தனியாகச் சொல்லுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு வாரங்களில் பல உணவகங்கள் 'போஸ்த்னொயே' என்ற தனிப் பட்டியல் வைக்கும். இறைச்சி, பால், முட்டை எதுவும் சேராத உணவுகள், நமக்கு வரப்பிரசாதம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்க வேண்டாம்.

ஊருக்குள் போக்குவரத்தும் கைப்பேசியும்?

மெட்ரோ நிலையக் கவுன்டரில் 'பதரோஷ்னிக்' அட்டையை ரொக்கமாக வாங்கி நிரப்பினால் மெட்ரோ, பேருந்து, டிராம் எல்லாவற்றிலும் செல்லும். விமான நிலையத்திலிருந்து 39-ஆம் எண் பேருந்து மஸ்கோவ்ஸ்கயா மெட்ரோவில் சேர்க்கும். டாக்சிக்கு யாண்டெக்ஸ் கோ செயலியை ஊரிலேயே உங்கள் எண்ணில் பதிவு செய்து, கட்டணமுறையை ரொக்கம் என்று மாற்றி வையுங்கள்.

2025 முதல் வெளிநாட்டவர் உள்ளூர் சிம் வாங்க உயிரளவைப் (பயோமெட்ரிக்) பதிவு உட்படப் பல படிகள். குறுகிய பயணத்துக்கு அது ஒத்துவராது. வெளிநாட்டு சிம்மில் முதல் நாள் இணையம் வராமலும் போகலாம். எனவே நகர வரைபடம், ஹோட்டல் முகவரி ரஷ்ய எழுத்தில், மொழிபெயர்ப்புச் செயலியின் ரஷ்யத் தொகுப்பு மூன்றையும் கிளம்பும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் அங்கே தடை. வாட்ஸ்அப் அழைப்பையும் நம்ப முடியாது. வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

குளிர்காலத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

கடல் ஈரத்தால் மைனஸ் 5 டிகிரியே கடுமையாக உறைக்கும். பருத்தி உள்ளுடை ஈரத்தைப் பிடித்து வைக்கும், கம்பளியோ செயற்கை இழையோ அணியுங்கள். வழுக்காத அடியுள்ள காலணி மிக அவசியம். பனி உருகும் நாட்களில் கூரைகளிலிருந்து பனிக்கூர்கள் விழும். நடைபாதையில் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தால் அதைத் தாண்டி சுவரோரம் நடக்க வேண்டாம்.

போர் நடக்கும் நிலையில் பயணம் பாதுகாப்பா? திரும்பும்போது கவனிக்க வேண்டியது என்ன?

நகர வாழ்க்கை வழக்கம்போல் நடக்கிறது. ஆனால் ட்ரோன் எச்சரிக்கையால் புல்கோவோவில் விமானங்கள் சில மணி நேரம் நிறுத்தப்படுவது உண்டு. இணைப்பு விமானத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் இடைவெளி வையுங்கள், இரண்டு விமானங்களையும் ஒரே முன்பதிவில் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் தவறிய விமானத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். விசாவின் கடைசி நாளில் கிளம்புவதைத் தவிர்த்து இரண்டு நாள் மிச்சம் வையுங்கள். படை, துறைமுகம், பாலக் காவல் ஆகியவற்றைப் படம் எடுக்க வேண்டாம். நல்ல சம்பளத்தில் வேலை, இராணுவத்தில் உதவியாளர் பணி என்று யார் சொன்னாலும் காகிதம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இந்திய வெளியுறவு அமைச்சகம் இதைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது.

நுழையும்போது கடவுச்சீட்டு அதிகாரி தரும் சிறு குடியேற்றச் சீட்டைக் கடைசி வரை கடவுச்சீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். ஹோட்டல் பதிவுக்கும் வெளியேறும்போதும் அது வேண்டும். தொலைந்தால் கிளம்பும் நாள் வரை காத்திருக்காமல், அன்றே ஹோட்டலில் சொல்லி, குடியேற்றத் துறை அலுவலகத்தில் நகல் பெறுங்கள்.